இல்லாத பாஸ்வேர்டு

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரை லினக்ஸில் முதன்முதலாக நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவல் நல்லபடியாக முடிந்திருக்கும். வழிகாட்டியில் சொன்னபடி போஸ்ட்கிரெஸ் என்ற யூசர் அக்கவுண்டுக்கு மாறியிருப்பார்கள். ஒரு டேட்டாபேஸும் உருவாகியிருக்கும். இனி சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடலாம் என்று, நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டச் சொல்லும் சூடோவை முன்னால் போட்டுக் கட்டளையைத் தட்டினால், போஸ்ட்கிரெஸின் பாஸ்வேர்டைக் கொடு என்று திரை கேட்கும். தன் பாஸ்வேர்டைப் போட்டால் தவறு. டேட்டாபேஸுக்கு வைத்த பாஸ்வேர்டைப் போட்டால் அதுவும் தவறு. மூன்றாவது முறையும் தவறினால் சூடோ விலகிக்கொள்ளும். அதன் பிறகு தெரிந்த அண்ணன் யாருக்காவது போன் போகும்.

"அண்ணா, பாஸ்வேர்டு கேக்குதுண்ணா. எதைப் போட்டாலும் தப்புங்குது. இன்ஸ்டால் பண்றப்ப பாஸ்வேர்டே கேக்கலையேண்ணா?"

"கேக்காதுப்பா. அப்படி ஒண்ணு கிடையாது. நீ இப்ப எந்த யூசர்ல இருக்க? ஹூஆம்ஐ அடிச்சுப் பாரு."

இந்த உரையாடல் திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் கற்பவரின் கவனக்குறைவு என்று நான் நம்பவில்லை. வழிகாட்டிகள் எல்லாமே போஸ்ட்கிரெஸ் அக்கவுண்டுக்குள் எப்படிப் போவது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகின்றன. எதற்காகப் போகிறோம், எப்போது வெளியே வர வேண்டும், உள்ளே இருக்கும்போது எதைச் செய்யக் கூடாது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. உள்ளே போன பிள்ளை அங்கேயே குடியிருந்து எல்லா வேலையையும் செய்கிறது. அப்புறம் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தக் குடியிருப்பால் வருபவை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

சேலத்தில் இப்போது இந்த வேலை எங்கே நடக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ ஒரு கொலுசுப் பட்டறை. வெள்ளி கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, சேதாரம், கூலி எல்லாம் நோட்டில் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அல்லது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகம். ஆளுக்கு எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்ற கணக்கை அன்றன்றைக்கு ஏற்ற வேண்டும். மழை பிடித்த நாளில் மலையில் இணையத்தை நம்பி உட்கார முடியாது என்பதால் சர்வர் அங்கேயே இருந்தாக வேண்டும். இரண்டு இடத்திலும் மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டுவைப் போட்டு, வீட்டில் கல்லூரி படிக்கும் பெண்ணிடமோ பையனிடமோ பொறுப்பைக் கொடுக்கிறார்கள். இது விளையாட்டுக்குச் செய்யும் பயிற்சி இல்லை. கூலிக் கணக்கு தப்பினால் சனிக்கிழமை சம்பளம் தப்பும்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய என்று சொல்லும் எழுத்து மட்டும் பேரெழுத்து. மைனஸ் என்று நான் சொல்வது சிறு கோடு. பிஜி என்று தனியாக எழுதியிருக்கும் இடங்களில் அதற்கு அடுத்து இடைவெளி இல்லை, அடிக்கோடு.

ஒரே பெயரில் நான்கு பேர்

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் பெயர் போஸ்ட்கிரெஸ். பத்தாண்டு கழித்து, 1996-இல், அதன் வழிவந்த மென்பொருளுக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறியது. ஆனால் பழைய பெயர் உள்ளே பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. இன்று நீங்கள் நிறுவும் கணினியில் அந்தப் பெயரில் நான்கு தனித்தனிப் பொருள்கள் இருக்கும். ஒன்று, பின்னணியில் ஓடும் சர்வர் நிரல். இரண்டு, லினக்ஸின் யூசர் அக்கவுண்ட். மூன்று, டேட்டாபேஸுக்கு உள்ளே இருக்கும் ரோல். அதாவது டேட்டாபேஸ் அறிந்த யூசர். நான்கு, முதன்முதலில் தானாக உருவாகும் ஒரு காலி டேட்டாபேஸ். "போஸ்ட்கிரெஸுக்கு மாறு" என்று ஒருவர் சொன்னால் இந்த நான்கில் எது என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்ல பழக்கம். லினக்ஸ் அக்கவுண்டுக்கு வைக்கும் பாஸ்வேர்டு வேறு, ரோலுக்கு வைக்கும் பாஸ்வேர்டு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

லினக்ஸ் அக்கவுண்ட் எதற்கு? சர்வர் நிரலை ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள லினக்ஸ் யூசராக, ஓட்ட முடியாது. ஓட்டிப் பார்த்தால், அதிகாரம் குறைந்த யூசரின் பெயரில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லி அதுவே மறுத்துவிடும். டேட்டாபேஸில் எங்காவது ஓட்டை இருந்து ஒருவன் உள்ளே புகுந்தாலும், அவன் கைக்கு முழுக் கணினியும் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவல் நடக்கும்போதே போஸ்ட்கிரெஸ் என்ற அக்கவுண்ட் உருவாகிவிடும். அதன் வீடு /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல். உபுண்டு 24.04-இல் வருவது 16-ஆம் பதிப்பு. தரவு ஃபைல்கள் அந்த வீட்டுக்குள் 16 என்ற ஃபோல்டரில், மெயின் என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை போஸ்ட்கிரெஸைத் தவிர மற்ற சாதாரண யூசர் யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பட்டறையில் வெள்ளிக் கட்டி வைக்கும் பெட்டியின் சாவி ஒரே ஆளிடம் இருக்குமே, அந்த ஆள்தான் இந்த அக்கவுண்ட். பெட்டியைக் காப்பது மட்டுமே அவர் வேலை. கடைக்கு வெளியே அவருக்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது. இந்தக் கடைசி வரி முக்கியம், பின்னால் திரும்பி வருவோம்.

உள்ளே போவது

எஸ்யூ மைனஸ் போஸ்ட்கிரெஸ் என்று நேரடியாகத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்டு, எதைக் கொடுத்தாலும் தோல்வி என்று சொல்லும். எஸ்யூ கேட்பது யாராக மாறப் போகிறீர்களோ அவருடைய பாஸ்வேர்டை. போஸ்ட்கிரெஸ் அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டு பூட்டப்பட்டிருக்கிறது. எந்தச் சொல்லும் பொருந்தாது. சூடோ கேட்பது உங்கள் சொந்தப் பாஸ்வேர்டை. அதனால் சூடோ மைனஸ் ஐ மைனஸ் யூ போஸ்ட்கிரெஸ் என்று தட்டுங்கள். மைனஸ் யூ யாராக மாறுவது என்பதைச் சொல்கிறது. மைனஸ் ஐ அந்த ஆள் புதிதாக லாகின் செய்தது போல அவருடைய வீட்டிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. டெபியனில் நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் உங்கள் யூசருக்குச் சூடோ உரிமை இருக்காது. அங்கே எஸ்யூ மைனஸ் என்று முதலில் ரூட்டாகி, பிறகு எஸ்யூ மைனஸ் போஸ்ட்கிரெஸ். ரூட்டிடம் யாரும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்தச் சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். விட்டால் பழைய யூசரின் சூழலிலேயே, பழைய ஃபோல்டரிலேயே நிற்பீர்கள், சில கட்டளைகள் கிடைக்கவே கிடைக்காது.

உள்ளே போனதும், டேட்டாபேஸோடு பேசும் நிரலான பிஎஸ்கியூஎல்லைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்காமலே டேட்டாபேஸ் திறக்கிறது. இது எப்படி என்று பலர் யோசிப்பதில்லை. யோசித்தால் பின்னால் வரும் பாதிப் பிழைகள் விளங்கிவிடும். ஒரே கணினிக்குள் இருந்து யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வருபவரை சர்வர் பியர் என்ற முறையில் சோதிக்கிறது. "இந்தத் தொடர்பைத் திறந்தது எந்த யூசர்?" என்று லினக்ஸின் மையமான கர்னலிடமே கேட்கும். கர்னல் சொல்லும் பெயரும் நீங்கள் கேட்ட ரோலின் பெயரும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். பட்டறை வாசலில் முகம் பார்த்து விடுவது போல. உங்கள் லினக்ஸ் யூசர் செல்வி, டேட்டாபேஸில் ஒரு ரோல் கொலுசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் செல்வி, ஆனால் "நான் கொலுசு" என்று சொன்னால் விட மாட்டார்கள். பியர் சோதனை தோற்றது என்று வரும் பிழை இதுதான். போனில் பேசுபவருக்கு முகம் இல்லை, அவரிடம் அடையாளச் சொல் கேட்க வேண்டும். மைனஸ் ஹெச் லோக்கல்ஹோஸ்ட் என்று சேர்த்தால் கடைக்குள் நின்றுகொண்டே கடைக்குப் போன் செய்வது போல: தொடர்பு 5432 என்ற போர்ட் வழியாகப் போகும், ரோலின் பாஸ்வேர்டு கேட்கப்படும். இந்த இரண்டு வழிக்கும் எந்தச் சோதனை என்பது /இடிசி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16/மெயின் ஃபோல்டரில் உள்ள பிஜி ஹெச்பிஏ கான்ஃப் என்ற ஃபைலில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். லோக்கல் என்று தொடங்கும் வரிகள் வாசல். ஹோஸ்ட் என்று தொடங்கும் வரிகள் போன். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு சர்வர் நின்றுவிடும். ஃபைலின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த வளைவில் நிற்கிறோம்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பனி இறங்கி முன்னால் எதுவும் தெரியாத நேரத்தில் அந்தப் பலகைதான் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று சொல்லும். டெர்மினலில் கர்சருக்கு முன்னால் இருக்கும் சில எழுத்துகள் அந்தப் பலகைதான். புதியவர்கள் அதைப் படிப்பதே இல்லை. கட்டளையை மட்டும் படிக்கிறார்கள், எந்த இடத்தில் நின்று தட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை.

வரி $ குறியில் முடிந்து, முன்னால் செல்வி என்று இருந்தால் உங்கள் சொந்த அக்கவுண்டில், லினக்ஸ் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் இருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ், கணினியின் பெயர், $ என்று இருந்தால் ஷெல்தான், ஆனால் வேறு ஆளாக. போஸ்ட்கிரெஸ், சமக்குறி, # என்று இருந்தால் ஷெல்லை விட்டு டேட்டாபேஸுக்குள் போய்விட்டீர்கள். இங்கே முன்னால் இருக்கும் பெயர் யூசருடையது என்று எண்ணுவது பெரிய தவறு; அது டேட்டாபேஸின் பெயர். ஆள் யார் என்பதைக் கடைசிக் குறியிலிருந்து ஊகிக்கலாம்: # என்றால் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர், > என்றால் சாதாரண ரோல். உறுதியாகத் தெரிய பேக்ஸ்லாஷ் கான்இன்ஃபோ என்று தட்டுங்கள். எந்த டேட்டாபேஸ், எந்த ரோல், எந்த வழியாக என்று மூன்றையும் சொல்லும். டேட்டாபேஸுக்குள் நின்றுகொண்டு சூடோ என்று தொடங்கும் கட்டளையைத் தட்டினால் பிழைகூட வராது. சமக்குறி இருந்த இடத்தில் சிறு கோடு வந்து, அமைதியாக நிற்கும். அரைப்புள்ளி வரும் வரை வாக்கியம் முடியவில்லை என்று அது காத்திருக்கிறது. கண்ட்ரோல் சி அடித்தால் அந்த வரி போய்விடும்.

இப்போது முதலில் சொன்ன அந்தப் பாஸ்வேர்டுக்கு வருவோம். ரீஸ்டார்ட் கட்டளையைத் தட்டும்போது பலகை போஸ்ட்கிரெஸ், $ என்று இருந்தது. நீங்கள் சூடோ என்று சொன்னபோது, சொன்னது நீங்கள் என்று லினக்ஸுக்குத் தெரியாது; போஸ்ட்கிரெஸ் சொன்னதாகத்தான் தெரியும். சூடோ எப்போதும் கேட்பவரின் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். கேட்பவர் போஸ்ட்கிரெஸ். அவருக்குப் பாஸ்வேர்டு இல்லை. ஆக, சரியான விடையே இல்லாத ஒரு கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதில் கணினியின் தவறும் இல்லை, உங்கள் ஞாபக மறதியும் இல்லை. பெட்டிச் சாவிக்காரருக்குக் கடைக்கு வெளியே செல்வாக்கு இல்லை என்று முன்பு சொன்னது இதைத்தான். சர்வரை நிறுத்துவது, தொடங்குவது, மென்பொருள் நிறுவுவது எல்லாம் கணினியின் வேலைகள். டேட்டாபேஸும் ரோலும் உருவாக்குவது சாவிக்காரர் வேலை. எக்சிட் என்று ஒரு சொல் தட்டி வெளியே வந்து, உங்கள் பெயர் பலகையில் தெரிந்ததும் அதே கட்டளையை அப்படியே தட்டுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். வேலை முடிந்தது.

எத்தனை முறை வெளியேற வேண்டும் என்பதும் கேட்கப்படும் கேள்விதான். போன படிகளை எண்ணுங்கள். டேட்டாபேஸிலிருந்து ஷெல்லுக்கு வர பேக்ஸ்லாஷ் க்யூ. 11-ஆம் பதிப்பிலிருந்து எக்சிட் என்று தட்டினாலும் வரும். போஸ்ட்கிரெஸ் ஷெல்லிலிருந்து உங்கள் ஷெல்லுக்கு வர இன்னொரு எக்சிட். அதற்கு மேலும் ஒன்று தட்டினால் உங்கள் லாகினே முடிந்துபோகும். இந்த ஏற்ற இறக்கமே வேண்டாம் என்றால், உள்ளே போகாமலே வேலை செய்யலாம்: சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரெஸ் என்று சொல்லி அதன் பின்னாலேயே ஓட்ட வேண்டிய கட்டளையை எழுதுங்கள். அந்த ஒரு கட்டளை மட்டும் போஸ்ட்கிரெஸ் பெயரில் ஓடும், முடிந்ததும் நீங்கள் நீங்களாகவே இருப்பீர்கள். புதியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லித் தருவேன். உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் போக முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரலாம். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர்கள் மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டே உருவாகின்றன, அதனால் போஸ்ட்கிரெஸால் அங்கே நிற்க முடியவில்லை. கட்டளை ஓடிவிடும். கண்ணை உறுத்தினால் முதலில் சிடி /டிஎம்பி என்று நகர்ந்துகொள்ளுங்கள்.

யார் பெயரில் எழுதுகிறோம்

உள்ளேயே தங்குவதால் வரும் பெரிய கேடு பாஸ்வேர்டு கேள்வி இல்லை. அது அன்றைக்கே தெரிந்துவிடும். டேபிள்களைப் போஸ்ட்கிரெஸ் பெயரில் உருவாக்குவதுதான் மூன்று வாரம் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும். பட்டறையில் வெள்ளி யார் பெயரில் எழுதப்பட்டதோ அவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேறொருவர் வந்து கேட்டால் கொடுக்க மாட்டார்கள். டேபிளும் அப்படித்தான். உருவாக்கிய ரோலே அதன் சொந்தக்காரர். சூப்பர்யூசராக இருந்துகொண்டு எடை டேபிள், கூலி டேபிள் எல்லாம் உருவாக்கிச் சோதித்துப் பார்த்தால் எல்லாமே ஓடும், ஏனென்றால் சூப்பர்யூசருக்கு எந்தத் தடையும் சொல்லப்படுவதில்லை. பிறகு செயலியைக் கொலுசு என்ற ரோலோடு இணைத்தால் அந்த டேபிளுக்கு அனுமதி இல்லை என்று வரும். ஒரு நெடுவரிசை சேர்க்கப் போனால் நீ சொந்தக்காரர் இல்லை என்று வரும். போஸ்ட்கிரெஸிடம் இருப்பதை மொத்தமாக வேறு ரோலுக்கு மாற்ற ரீஅசைன் ஓன்டு என்ற கட்டளையை ஓட்டினால் அதுவும் மறுக்கப்படும். அமைப்புக்கே தேவையான பொருள்கள் போஸ்ட்கிரெஸ் பெயரில் இருக்கின்றன. ஒவ்வொரு டேபிளாக ஆல்டர் டேபிள், ஓனர் டூ என்று மாற்ற வேண்டியதுதான். பேக்ஸ்லாஷ் டிடி தட்டினால் ஓனர் என்ற நெடுவரிசை தெரியும். முதல் டேபிளை உருவாக்கியதுமே அதை ஒருமுறை பாருங்கள்.

ஆகவே சரியான வரிசை இது. உங்கள் சொந்த அக்கவுண்டில் நின்று, சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரெஸ் கிரியேட்யூசர் மைனஸ் பெரிய பி கொலுசு. பெரிய பி போட்டால் புது ரோலுக்கு இரண்டு முறை பாஸ்வேர்டு கேட்கும், சூப்பர்யூசர் ஆக்காது. அடுத்து, சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரெஸ் கிரியேட்டிபி மைனஸ் பெரிய ஓ கொலுசு பட்டறை. பெரிய ஓவுக்குப் பின்னால் வருவது சொந்தக்காரரின் பெயர். கடைசியில் வருவது டேட்டாபேஸின் பெயர். போஸ்ட்கிரெஸின் வேலை இந்த இரண்டு வரியோடு முடிந்தது. இதற்குப் பிறகு பிஎஸ்கியூஎல் மைனஸ் ஹெச் லோக்கல்ஹோஸ்ட் மைனஸ் பெரிய யூ கொலுசு பட்டறை என்று நுழைந்து, பலகையில் > இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டேபிள்களை உருவாக்குங்கள். வெள்ளி எடைக்கு நியூமெரிக் 10, 3 என்று வகை கொடுங்கள். மில்லிகிராம் வரை துல்லியமாக நிற்கும். ஃப்ளோட் வகை கூட்டும்போது கடைசி இலக்கத்தில் பிசகும், வெள்ளியில் அது ஆளுக்கும் முதலாளிக்கும் இடையே சண்டையாக முடியும்.

மைனஸ் பெரிய ஓவை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய வழிகாட்டிகள் போஸ்ட்கிரெஸ் பெயரில் டேட்டாபேஸை உருவாக்கிவிட்டு, கிராண்ட் ஆல் பிரிவிலேஜஸ் ஆன் டேட்டாபேஸ் என்று ஒரு வரி எழுதச் சொல்லும். பெயரைக் கேட்டால் எல்லா உரிமையும் கொடுத்தது போல இருக்கும். உண்மையில் அது கொடுப்பது இணையவும், புது ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் டேபிள்களை வைக்கும் பிரிவு) உருவாக்கவும், தற்காலிக டேபிள் வைக்கவும் உள்ள உரிமைகளை மட்டுமே. முன்பு பப்ளிக் என்ற ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்று இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அந்தத் தாராளத்தை நிறுத்திவிட்டார்கள். உபுண்டு 22.04-இல் இருப்பது 14, 24.04-இல் இருப்பது 16. பக்கத்துக் கடையில் ஓடிய அதே கட்டளைகள் புதுக் கணினியில் பப்ளிக் ஸ்கீமாவுக்கு அனுமதி இல்லை என்று நின்றுபோவதற்கு இதுவே காரணம். டேட்டாபேஸின் சொந்தக்காரர் கொலுசு என்றால் பப்ளிக் ஸ்கீமாவின் உரிமையும் அவருக்குத் தானாக வந்துவிடும், இந்தப் பிழை எழாது.

பியர் முறையைத் தனக்குச் சாதகமாக வைத்துக்கொள்வதும் எளிது. லினக்ஸில் உங்கள் பெயர் செல்வி என்றால், செல்வி என்றே ஒரு ரோலும் செல்வி என்றே ஒரு டேட்டாபேஸும் உருவாக்கிவிடுங்கள். அதன்பின் பிஎஸ்கியூஎல் என்று மட்டும் தட்டினால் போதும். டேட்டாபேஸ் பெயர் சொல்லாவிட்டால் ரோலின் பெயரையே டேட்டாபேஸின் பெயராக எடுத்துக்கொள்ளும் என்பதால்தான், ரோலை மட்டும் உருவாக்கியவர்களுக்கு டேட்டாபேஸ் செல்வி இல்லை என்ற பிழை வருகிறது. அது ரோல் இல்லை என்ற பிழையிலிருந்து ஒரு சொல்தான் வேறுபடும். அந்த ஒரு சொல்லைக் கவனித்துப் படித்தால் ஒரு படி முன்னேறியிருப்பது தெரியும்.

செய்யக் கூடாத குறுக்குவழிகள்

பாஸ்வேர்டு இல்லை என்றால் ஒன்று வைத்துவிடலாமே என்று போஸ்ட்கிரெஸ் லினக்ஸ் அக்கவுண்டுக்குப் பாஸ்டபிள்யூடி கட்டளையால் பாஸ்வேர்டு வைக்கிறார்கள். வேண்டாம். கணினியில் வெளியிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் திறந்திருந்தால், உலகமே அறிந்த ஒரு யூசர் பெயருக்கு வெளியிலிருந்து பாஸ்வேர்டு ஊகிக்க வழி திறந்துவிட்டீர்கள் என்று பொருள். பூட்டப்பட்ட பாஸ்வேர்டுதான் இதுவரை காத்தது. போஸ்ட்கிரெஸைச் சூடோ குழுவில் சேர்ப்பது அதைவிட மோசம். டேட்டாபேஸுக்குள் சூப்பர்யூசராக இருப்பவர் காப்பி கட்டளையில் புரோகிராம் என்ற சொல்லைச் சேர்த்து லினக்ஸ் கட்டளைகளையே ஓட்ட முடியும். அவை போஸ்ட்கிரெஸ் அக்கவுண்டின் பெயரில் ஓடும். அந்த அக்கவுண்டுக்குக் கணினி மேல் அதிகாரம் கொடுத்தால் டேட்டாபேஸ் வழியாக முழுக் கணினிக்கும் பாதை போட்டது போலாகும்.

பியர் தோற்றது என்ற பிழையைக் கண்டதும் பிஜி ஹெச்பிஏ ஃபைலில் பியர் என்று இருக்கும் இடத்தில் ட்ரஸ்ட் என்று மாற்றச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். ட்ரஸ்ட் என்றால் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் நம்பு என்று பொருள். அந்தக் கணினியில் லாகின் உள்ள எவரும் சூப்பர்யூசர் ஆகிவிடலாம். ரோலுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனால்கூட ட்ரஸ்ட் தேவையில்லை. பியர் வழியாகப் போஸ்ட்கிரெஸாக நுழைந்து பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டு கொலுசு என்று தட்டிப் புதியதை வைக்கலாம். இந்தக் கட்டளை பாஸ்வேர்டை மறையாக்கிய பிறகே சர்வருக்கு அனுப்பும், வரலாற்று ஃபைலில் பச்சையாகப் பதியாது.

மூன்றாவது, தரவு ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை என்று, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் சிஹெச்மாட் 777 போடுவது. ஃபோல்டர் திறக்கும், சர்வர் அடுத்த முறை தொடங்காது. தன் தரவு ஃபோல்டரின் அனுமதி 0700 அல்லது 0750 ஆக இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஓட மறுக்கும். ஏற்காட்டில் மின்சாரம் போய் வந்து கணினி தானாக மறுபடி கிளம்பும் அந்தக் காலையில்தான் இது வெளியே தெரியும். அனுமதியை மாற்றியது யாருக்கும் நினைவிருக்காது. ரூட்டாக நின்று அந்த ஃபோல்டருக்குள் ஏதாவது ஃபைலை நகல் எடுத்துப் போட்டாலும் இதே கதி நேரலாம், அதன் சொந்தக்காரர் ரூட் ஆகிவிடுவார். சிஹெச்ஓன் மைனஸ் பெரிய ஆர் போஸ்ட்கிரெஸ் முக்காற்புள்ளி போஸ்ட்கிரெஸ் என்று உரிமையையும், மெயின் ஃபோல்டருக்கு சிஹெச்மாட் 700 என்று அனுமதியையும் திருப்பிக் கொடுத்தால் சர்வர் எழுந்துகொள்ளும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்க்கும்போது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற சேவை ஆக்டிவ் என்றும் பக்கத்தில் எக்சிட்டட் என்றும் காட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டெபியன் வகைகளில் அது ஒரு உறை மட்டும். உண்மை நிலவரத்துக்கு பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ் தட்டுங்கள். ஆன்லைனா டவுனா என்று ஒரே சொல்லில் இருக்கும்.

ஃபைலைப் படிப்பது யார்

பழைய கணக்கை எக்செல்லிலிருந்து சிஎஸ்வி ஆக்கி ஏற்றும்போது மறுபடி இதே ஆள் மாறாட்டம் வருகிறது. காப்பி என்று எழுதினால் ஃபைலைத் திறப்பது சர்வர். அதாவது போஸ்ட்கிரெஸ் அக்கவுண்ட். உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் அதற்குத் தெரியாது, அனுமதி இல்லை என்று வரும். பேக்ஸ்லாஷ் காப்பி என்று எழுதினால் ஃபைலைத் திறப்பது பிஎஸ்கியூஎல், அதாவது நீங்கள். ஒரு சாய்கோடு மட்டும்தான் வேறுபாடு. ஹோம் ஃபோல்டரின் அனுமதியைத் தளர்த்தத் தேவையே இல்லை, சாய்கோட்டைச் சேர்த்தால் போதும்.

இரவில் தானாக ஓடும் பேக்கப்பை மட்டும் நான் போஸ்ட்கிரெஸ் பெயரிலேயே வைக்கச் சொல்வேன். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியலான கிரான்டேபை, சூடோ கிரான்டேப் மைனஸ் யூ போஸ்ட்கிரெஸ் மைனஸ் இ என்று திறந்து, டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் கட்டளையை எழுதினால் பியர் வழியாகவே போகும். எந்த ஃபைலிலும் பாஸ்வேர்டு எழுதி வைக்க வேண்டாம். பேக்கப் போய்ச் சேரும் ஃபோல்டர் போஸ்ட்கிரெஸ் எழுதக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே கையால் ஓட்டிப் பாருங்கள். ஒருவேளை கொலுசு ரோலின் பெயரில் எடுப்பதாக இருந்தால் பாஸ்வேர்டை டாட் பிஜிபாஸ் ஃபைலில் வைத்து அதன் அனுமதியை 0600 ஆக்க வேண்டும். தளர்வாக இருந்தால் அந்த ஃபைலையே ஒதுக்கிவிடும், நடு இரவில் பாஸ்வேர்டு கொடுக்க யாரும் இல்லாமல் பேக்கப் தோற்றுப்போகும்.

அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்கும்போது ரோல் கொலுசு இல்லை என்று பிழைகள் வரிசையாக வரும். பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கிறது. ரோல்கள் எந்த ஒரு டேட்டாபேஸுக்கும் சொந்தமில்லை, அவை முழு சர்வருக்கும் பொது. அதனால் அதே கிரான்டேபில் இன்னொரு வரியும் வேண்டும்: பிஜி டம்ப்ஆல் மைனஸ் மைனஸ் குளோபல்ஸ் ஹைஃபன் ஒன்லி. ரோல்களும் அவற்றின் மறையாக்கிய பாஸ்வேர்டுகளும் சில வரிகளில் தனி ஃபைலாக வந்துவிடும். புதுக் கணினியில் முதலில் அதை ஏற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற ரோல் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு பிழை வரும், அதை விட்டுவிடலாம். பிறகு காலி டேட்டாபேஸை உருவாக்கி பேக்கப்பை ஏற்றி, கொலுசாக லோக்கல்ஹோஸ்ட் வழியே நுழைந்து பேக்ஸ்லாஷ் டிடி தட்டிப் பாருங்கள். ஓனர் என்ற நெடுவரிசை முழுக்கக் கொலுசு என்று இருக்க வேண்டும்.